தெரியாததைத் தெரியாது என்றே பிள்ளைகளிடம் சொல்வது

என் மகளுக்குப் பதினாறு வயது நடந்துகொண்டிருந்தபோது கணவரின் நிறுவனத்தில் ஆட்குறைப்பு ஆரம்பித்தது. அவர் பெயர் பட்டியலில் இருக்கிறதா இல்லையா என்று மாதக்கணக்கில் யாரும் வாயைத் திறக்கவில்லை. வேலை போனால் வேறு ஊர், வேறு ஊர் என்றால் வேறு பள்ளி, அதுவும் பெரிய தேர்வு எழுத வேண்டிய வருடத்தில். இதற்கு நடுவில் மாமனாருக்கு உடம்பு முடியாமல் போய், நானும் அவரும் மாறி மாறி மருத்துவமனைக்கு ஓடிக்கொண்டிருந்தோம். வீட்டில் சண்டை இல்லை, அழுகை இல்லை. ஆனால் அவருடைய போன் அடித்தால் நான்கு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்ப்போம். அப்படி ஒரு வருடம்.

அந்த வருடத்தில் அவளுக்கு என்ன ஆனது, நாங்கள் என்னவெல்லாம் செய்து பார்த்தோம், எது கொஞ்சமாவது கை கொடுத்தது என்று எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. நான் மருத்துவர் இல்லை, கையில் கிடைத்ததையெல்லாம் படிக்கிற பழக்கமுள்ள ஒரு அம்மா, அவ்வளவுதான். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். எழுத வேண்டாம் என்று அவள் சொன்ன சில விஷயங்கள் இதில் இல்லை.

முதலில் கண்ணில் பட்டது எரிச்சல். சோகம் எல்லாம் பிறகுதான். "சாப்பிட்டியா?" என்று கேட்டால் சுள்ளென்று விழுவாள். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு விட்டால்கூடக் குற்றம். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் வயிற்று வலி. திங்கள் காலையில் உச்சம், பத்து மணிக்கு மேல் தானாகக் குறைந்துவிடும். வயிற்றுக்கு மருத்துவரிடம் காட்டினோம், எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். சொந்தக்காரர் ஒருவர், "ஸ்கூலுக்கு மட்டம் போட நல்ல வழி" என்று சிரித்தார். வலி நடிப்பு இல்லை, அதை மட்டும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். மூளைக்கும் குடலுக்கும் இடையே நரம்பு வழியாக நேரடித் தொடர்பு இருக்கிறது. பதற்றம் கூடினால் குடல் உண்மையாகவே இறுகும், வலிக்கும். சோதனை முடிவு சரியாக இருப்பதால் பிள்ளை பொய் சொல்கிறது என்று ஆகிவிடாது.

எரிச்சல் விஷயமும் அப்படித்தான். பெரியவர்களுக்கு மனச்சோர்வு வந்தால் சோர்ந்து உட்காருவார்கள் என்ற படம் நம் மனதில் இருக்கிறது. வளர்கிற பிள்ளைகளிடம் அது எரிந்து விழுவதாகவும் வெளிவரலாம். மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் வரையறையிலேயே சிறுவர்களுக்கும் பதின்வயதினருக்கும் சோகத்துக்குப் பதிலாக எரிச்சலை அறிகுறியாக எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது. அதனால் "திமிரு கூடிப்போச்சு" என்று முடிவு கட்டும் முன், தூக்கம் எப்படி, பசி எப்படி, பிடித்த விஷயங்களில் இன்னும் ஆசை இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. என் மகள் வரைவாள். அந்த நோட்டு மேசை மேல் அப்படியே கிடந்தது, மேலே சார்ஜர், அதற்கு மேலே துவைத்த துணி. இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே போனால் கவனிக்க வேண்டும் என்பார்கள். எங்களுக்கு அதைவிட அதிகமாகவே போயிருந்தது.

என்னதான் காரணம் என்று யோசித்தால் எதையும் சுட்டிக்காட்ட முடியவில்லை. உண்மையில் இன்னும் ஒன்றும் நடக்கவே இல்லையே. வேலை போகவில்லை, வீடு மாறவில்லை, தாத்தா இருந்தார். பிறகு ஒரு ஆய்வைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்குப் பிடிபட்டது. 2016-ல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 45 பேரைக் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு ஆட வைத்தார்கள். பாறைக்கு அடியில் பாம்பு இருக்கிறதா என்று ஊகிக்க வேண்டும், பாம்பு இருந்தால் கையில் லேசாக ஷாக் அடிக்கும். வியர்வையையும் கண்மணி விரிவதையும் வைத்துப் பதற்றத்தை அளந்தார்கள். ஷாக் நிச்சயம் என்று தெரிந்தபோது இருந்ததைவிட, அடிக்கலாம் அடிக்காமலும் போகலாம், பாதிக்குப் பாதி என்ற நிலையில்தான் அவர்களுக்குப் பதற்றம் உச்சத்தில் இருந்தது. கெட்ட செய்தி வந்துவிட்டால் மனது அதற்கு ஏற்ப வேலை செய்யத் தொடங்கிவிடும். வருமா வராதா என்று நிற்பதுதான் ஆளைக் கொல்லும். எங்கள் வீட்டில் எல்லோரும் அந்தப் பாதிக்குப் பாதியில்தான் நின்றுகொண்டிருந்தோம், அவளுக்கு மட்டும் அதில் எங்களைவிடக் குறைவான தகவல் கையில் இருந்தது.

ஆமாம், அதுதான் விஷயம். பிள்ளைகளுக்குச் சொல்லாமல் காப்பாற்றுகிறோம் என்று நாம் நினைப்போம். அவர்கள் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று பாதி வாக்கியங்களைப் பொறுக்கி, மீதியைத் தாங்களே எழுதிக்கொள்வார்கள். அவர்கள் எழுதுகிற மீதி எப்போதும் உண்மையைவிட மோசமாகத்தான் இருக்கும். வீட்டை விற்கப் போகிறோம் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு பேச்சே எழவில்லை. அவர் பழைய ஸ்கூட்டரை விற்கலாமா என்று யாரிடமோ போனில் கேட்டதில், "வித்துடலாமா" மட்டும் அவள் காதில் விழுந்திருக்கிறது.

அதனால் ஒரு ராத்திரி இரண்டு பேரையும் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னோம். எல்லாவற்றையும் என்றால், கடன் பாக்கி எவ்வளவு, மாமனாரின் ஸ்கேனில் என்ன எழுதியிருந்தது என்பதுவரை இல்லை. அவர்கள் வாழ்க்கையைத் தொடுகிற அளவுக்கு. அவர் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது: "எனக்கு வேலை இருக்குமான்னு எனக்கே தெரியலம்மா. தெரியுற அன்னைக்கு ராத்திரியே உங்க ரெண்டு பேருக்கும் சொல்லிடுவேன். நாளைக்குச் சொல்லலாம்னு தள்ளிப்போட மாட்டேன்." அவள், "வேலை போயிடுச்சுன்னா?" என்றாள். "போனா என்ன செய்யலாம்னு அம்மாவும் நானும் ஒரு கணக்குப் போட்டு வெச்சிருக்கோம். ஆறு மாசத்துக்கு இங்கேயே சமாளிக்கலாம். அதுக்கு மேல ஆனா ஊர் மாற வேண்டியிருக்கும்." எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்கவும் மாட்டாள். பதினாறு வயதுப் பிள்ளைக்கு நாம் தைரியத்துக்காகச் சொல்கிற பொய் எது என்று நன்றாகத் தெரியும். தெரிந்த பிறகு, அடுத்து நாம் சொல்கிற உண்மைக்கும் மதிப்பு போய்விடும்.

மறுநாள் ஒரு பெரிய தாளை அலமாரிக் கதவில் ஒட்டினோம். மூன்று கட்டங்கள். ஒன்றில் 'தெரிந்தது', அடுத்ததில் 'தெரியாதது', மூன்றாவதில் 'எப்போது தெரியும்'. நிறுவனத்தின் முடிவு, தாத்தாவின் அடுத்த பரிசோதனை, தேர்வுத் தேதி என்று எழுதினோம். சின்னவன், அவனுக்குப் பன்னிரண்டு, 'தெரியாதது' கட்டத்தில் கோணல் எழுத்தில் "ஊர் மாறினா சைக்கிள் வருமா?" என்று எழுதியிருந்தான். அதற்கு அன்றைக்கே பதில் சொல்லி, அதைத் 'தெரிந்தது' கட்டத்துக்கு மாற்றினோம். பெரியவள் முதல் வாரம் தாளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு பென்சிலில், மிகச் சின்னதாக, "பள்ளி மாறினால் நான் மறுபடியும் முதலிலிருந்தா?" என்று ஒரு வரி. நேரில் கேட்டிருந்தால் இந்தக் கேள்வி வெளியே வந்திருக்காது. இதற்கு எங்களிடம் முழுப் பதில் இல்லை, பாடத்திட்டம் ஒன்றுதான் என்பதை மட்டும் விசாரித்து எழுதினோம். தாள் வேலை செய்ததற்குக் காரணம் 'எப்போது தெரியும்' என்ற மூன்றாவது கட்டம் என்று நினைக்கிறேன். எந்நேரமும் கவலைப்பட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை, இந்தத் தேதி வரை இதை மூடி வைக்கலாம் என்று அது மனதுக்கு ஒரு அனுமதி கொடுக்கிறது.

தெரியாதவை நம் கையில் இல்லை. தெரிந்தவற்றையாவது கெட்டியாக வைத்திருக்கலாம் இல்லையா? இரவுச் சாப்பாடு ஒரே நேரம், யார் மருத்துவமனைக்குப் போனாலும் மற்றவர் வீட்டில், ஞாயிறு காலை அப்பாவும் மகளும் நடைக்குப் போவது. இவை மாறாது என்று வைத்துக்கொண்டோம். கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் வெளியே எல்லாம் ஆடும்போது வீட்டுக்குள் நாலு விஷயம் ஆடாமல் இருப்பது பிள்ளைகளுக்குப் பெரிய பிடிமானம்.

நடை பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பதின்வயதுப் பிள்ளையை எதிரே உட்கார வைத்து, கண்ணைப் பார்த்து, "உனக்கு என்னம்மா பிரச்சினை, மனசு விட்டுச் சொல்லு" என்றால் வருகிற ஒரே பதில் "ஒண்ணுமில்ல". அது விசாரணை மாதிரி இருக்கிறது. பக்கத்தில் பக்கத்தில் நடந்தால், வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தால், துணி மடித்துக்கொண்டிருந்தால், பேச்சு தானாக வரும். கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை, நடுவில் நிறுத்தினாலும் யாருக்கும் சங்கடமில்லை. ஞாயிறு நடையில் முதல் பல வாரங்கள் ஒரு வார்த்தைகூட உருப்படியாகப் பேசவில்லை என்று அவர் வந்து சொல்வார். பேசாமலே போய் வந்தார்கள். பேசுகிற நாள் வந்தபோது, அவர் அங்கே இருந்தார்.

அப்படிப் பேசும்போது நம் வாயை அடக்குவதுதான் பெரும்பாடு. அவள் ஒரு வரி சொன்னால் நமக்குப் பத்துத் தீர்வு வந்து நாக்கு நுனியில் நிற்கும். நாங்கள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். முதலில் கேட்டுவிடுவது: "நான் சும்மா கேட்கட்டுமா, இல்ல யோசனை சொல்லட்டுமா?" பத்தில் எட்டு தடவை "சும்மா கேளும்மா"தான். இன்னொன்று, உணர்ச்சிக்குப் பெயர் வைக்க உதவுவது. "டென்ஷனா இருக்கு" என்ற ஒரே வார்த்தைக்குள் பயம், வெட்கம், பொறாமை, ஏமாற்றம், களைப்பு எல்லாம் ஒளிந்திருக்கும். 2007-ல் வந்த ஒரு மூளை ஸ்கேன் ஆய்வில், முகத்தில் தெரியும் உணர்ச்சியைச் சொல்லால் குறிப்பிட்டபோது பயத்தைக் கிளப்பும் அமிக்டலா என்ற பகுதியின் துடிப்பு குறைந்தது தெரியவந்தது. அதற்காக நாமே "நீ பொறாமைப்படற" என்று முத்திரை குத்தினால் கதை முடிந்தது. "அது பயமா இருந்துச்சா, இல்ல அசிங்கமா இருந்துச்சா?" என்று இரண்டை நீட்டினால், அவள் மூன்றாவது ஒன்றை எடுப்பாள். பெரும்பாலும் அதுதான் சரியானதாக இருக்கும்.

சொல்லாமல் தவிர்த்தவையும் உண்டு. "எங்க காலத்துல இதெல்லாம் ஏது" என்பது அதில் முதலாவது. அது எதற்கும் உதவாத வாக்கியம், உண்மையும் கிடையாது. அந்தக் காலத்திலும் இருந்தது, பெயர்தான் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 10 முதல் 19 வயதுக்குள் இருப்பவர்களில் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருக்கிறது. ஒரு வகுப்பில் முப்பத்தைந்து பேர் என்றால் ஐந்து பேர். கொரோனா காலத்தில் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2021-ல் வந்த தொகுப்பு, நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வு அறிகுறிகளும் ஐந்தில் ஒருவருக்குப் பதற்ற அறிகுறிகளும் கவலைப்படும் அளவுக்கு இருந்ததாகச் சொன்னது. என் பிள்ளை மட்டும் ஏன் இப்படி என்று கூனிக் குறுகுகிறவர்களுக்காக இந்த எண்களைச் சொல்கிறேன். அதற்கு மேல் இவற்றை வைத்துப் பயப்பட ஒன்றுமில்லை.

தூக்கம். இதில் நான் கொஞ்சம் கறார். வயதுக்கு வரும் பருவத்தில் உடம்பின் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகிறது. தூக்கத்தை அழைக்கும் மெலடோனின் சுரப்பது இரண்டு மணி நேரம்வரை தாமதமாகலாம். அதனால் பத்து மணிக்குக் கண் சொருகாதது சோம்பேறித்தனமும் இல்லை, அடமும் இல்லை. ஆனால் பள்ளி மணி அதற்காகக் காத்திருக்காது. 13 முதல் 18 வயதுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள், என் மகளுக்கு ஐந்தரைதான் கிடைத்துக்கொண்டிருந்தது. தூக்கம் குறைந்த மூளைக்குச் சின்னக் கவலையும் மலையாகத் தெரியும். போனைப் பிடுங்கினால் போர்தான் நடக்கும், ஆகவே எல்லோருடைய போனும், எங்களுடையதும் சேர்த்து, இரவு கூடத்தில் ஒரே இடத்தில் சார்ஜ் ஆகும் என்று வைத்தோம். அப்பா போனும் அங்கேதான் என்பதைப் பார்த்த பிறகுதான் முணுமுணுப்பு நின்றது. அலாரத்துக்கு ஒரு சாதாரணக் கடிகாரம் வாங்கினோம், 'அலாரத்துக்குப் போன் வேணும்' என்ற வாதம் அதோடு முடிந்தது. விடுமுறை நாளில் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம், மதியம்வரை வேண்டாம், இல்லாவிட்டால் திங்கள்கிழமை உடம்பு வேறு நாட்டு நேரத்தில் எழுந்திருக்கும்.

போனில் இன்னொரு சிக்கல் இருந்தது, நான் எதிர்பார்க்காத பக்கத்திலிருந்து. கெட்ட சகவாசம் எதுவும் இல்லை, நல்ல தோழிதான். அந்தப் பெண்ணும் இவளும் ராத்திரி முழுக்க ஒருவருக்கொருவர் கவலையைச் சொல்லிச் சொல்லி, அதையே திருப்பித் திருப்பிக் கிளறிக்கொண்டிருந்தார்கள். இப்படிச் சேர்ந்து கிளறுவது நட்பை இறுக்கமாக்கும், கூடவே பதற்றத்தையும் மனச்சோர்வையும் வளர்க்கும் என்று அமாண்டா ரோஸ் என்ற உளவியலாளர் 2002-லேயே எழுதியிருக்கிறார். நட்பை வெட்டச் சொல்வது முட்டாள்தனம். அந்தத் தோழியை வீட்டுக்கு அழைத்தோம், இரண்டு பேரும் சேர்ந்து செய்ய ஏதாவது இருக்கட்டும் என்று. என் தையல் மெஷினை எடுத்து இருவரும் பழைய ஜீன்ஸை வெட்டிப் பை தைத்தார்கள். படுமோசமான பை. கவலைப் பேச்சு நிற்கவில்லை, நடுநடுவே சிரிப்பு வர ஆரம்பித்தது.

இனி பள்ளிக்கூடம், இதுதான் கடினமான பகுதி. வயிற்று வலி என்று ஒரு நாள் வீட்டில் இருந்தால் அன்றைக்குப் பதற்றம் உடனே இறங்கும். இறங்குவதுதான் வில்லங்கமே. தப்பித்தால் நிம்மதி என்று மூளை கற்றுக்கொள்கிறது, அடுத்த தடவை வாசலைத் தாண்டுவது இன்னும் கஷ்டமாகிறது. பாவம் என்று நாம் செய்கிற உதவிகள், லீவ் லெட்டர் எழுதுவது, அவளுக்குப் பதிலாக ஆசிரியரிடம் நாமே பேசுவது, எல்லாம் அன்றைய பதற்றத்தைக் குறைத்து அடுத்த மாதத்தின் பதற்றத்தைக் கூட்டும். யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் என்பவர் இதற்காகவே ஒரு சிகிச்சை முறையை உருவாக்கியிருக்கிறார். அதில் பிள்ளை ஆலோசகரிடம் வருவதேயில்லை, பெற்றோர் மட்டும் வந்து தங்கள் நடத்தையை மாற்றக் கற்றுக்கொள்கிறார்கள். பதற்றக் கோளாறு உள்ள 124 குழந்தைகளை வைத்து அவர்கள் நடத்திய ஆய்வில், பிள்ளைகளுக்கு நேரடியாகக் கொடுக்கும் சிகிச்சைக்கு இது குறைந்ததாக இல்லை என்று தெரிந்தது.

அதன் சாரத்தை எங்கள் ஆலோசகர் சொல்லிக் கொடுத்தார். ஒரே மூச்சில் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். உனக்கு இது உண்மையாகவே கஷ்டம், உன்னால் இதைத் தாங்க முடியும். முதலாவதை மட்டும் சொன்னால் பிள்ளை படுத்துவிடும், இரண்டாவதை மட்டும் சொன்னால் நாம் கல் நெஞ்சக்காரர்கள். காலையில் நான் சொன்னது இப்படி இருக்கும்: "வயிறு வலிக்குது, தெரியுது. இந்த வலியோட நீ போன வாரம் ரெண்டு பீரியட் உட்கார்ந்திருந்த. இன்னைக்கும் முடியும்." படிப்படியாகத்தான் போனது. முதலில் பள்ளி வாசல்வரை, பிறகு அவளுக்குப் பிடித்த வகுப்புகள் மட்டும், பிறகு அரை நாள். முடியாமல் போனால் போய் உட்கார ஒரு இடம் (நூலகம்), அங்கே ஒரு ஆசிரியை. பள்ளி முதலில் முறைத்துக்கொண்டது, ஆலோசகரின் கடிதம் கொடுத்த பிறகு இறங்கி வந்தது. பின்வாங்கிய நாட்களும் இருந்தன. ஒரு வாரம் முழுக்கப் போகவில்லை, மறுபடியும் வாசலிலிருந்து ஆரம்பித்தோம்.

ஆலோசகர் என்று சொன்னேனே, முதலில் போன இடம் சரிப்படவில்லை. அவளை வெளியே அனுப்பாமலே எங்களிடம் அவளைப் பற்றிப் பேசி, அவளுக்கு அறிவுரை சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து, "இனிமே எங்கேயும் வர மாட்டேன்" என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அடுத்தவரைத் தேடும்போது போனிலேயே கேட்டேன்: பதின்வயதுப் பிள்ளைகளோடு வேலை செய்த அனுபவம் உண்டா, அவளைத் தனியாகப் பார்ப்பீர்களா, அவள் சொல்வதில் எதை எங்களிடம் சொல்வீர்கள், எதைச் சொல்ல மாட்டீர்கள்? இவர் தெளிவாகப் பதில் சொன்னார்: உயிருக்கு ஆபத்து என்றாலோ, யாராவது அவளைத் துன்புறுத்துகிறார்கள் என்றாலோ சொல்லியாக வேண்டும், மற்றது அவளுக்கும் தனக்கும் நடுவில் என்று. அதையே முதல் நாள் அவளிடமும் எங்கள் முன்னால் சொன்னார். அதன் பிறகுதான் அவள் பேசவே ஆரம்பித்தாள் என்று நினைக்கிறேன். உள்ளே என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்கு முழுதாகத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. ஒருவர் பிடிக்கவில்லை என்றால் இன்னொருவரைப் பாருங்கள். அதற்காக ஆலோசனையையே விட்டுவிட வேண்டாம்.

இப்போது எழுதக் கை தயங்குகிற ஒன்று. ஒரு நாள் அவள் சாதாரணமாக, சாதாரணத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சாதாரணமாக, "நான் இல்லன்னா உங்களுக்கு ஒரு செலவு குறையும்ல" என்றாள். நெஞ்சு அடைத்துக்கொண்டது. கேட்டால் நாமே அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்ற பயம் எல்லாப் பெற்றோருக்கும் உண்டு. இதைப் பற்றி நடந்த ஆய்வுகள் அப்படி ஆவதில்லை என்றே சொல்கின்றன, கேட்டால் பாரம் குறைந்தவர்களும் உண்டு. அதனால் சுற்றி வளைக்காமல் கேட்டேன்: "செத்துப் போயிடலாம்னு தோணுதாம்மா?" நீண்ட நேரம் கழித்து, "தோணியிருக்கு. ஆனா செய்யணும்னு இல்ல" என்றாள். எப்படி என்று யோசித்தாயா, இப்போதும் இருக்கிறதா என்றும் கேட்டேன். நான் அழவில்லை, திட்டவில்லை, சத்தியம் வாங்கவில்லை. "சொன்னது நல்லதாப் போச்சு, இதை நம்ம ரெண்டு பேரும் மட்டும் வெச்சுக்க வேண்டாம்" என்று சொல்லி மறுநாளே ஆலோசகரிடம் போனோம். அன்றிரவே மாத்திரைகள் எல்லாவற்றையும், மாமனாருடையதையும் சேர்த்து, பூட்டில் வைத்தேன். இது பலருக்கும் தெரிவதில்லை: அந்த வேகம் பல நேரம் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும், அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாமல் இருப்பதே உயிரைக் காப்பாற்றும். ஆலோசகர் அவளோடு உட்கார்ந்து ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுதினார். மனது இறங்குவதற்கு முன்னால் வரும் அடையாளங்கள் என்ன, தானே செய்யக்கூடியது என்ன, யாரை அழைப்பது, அதற்கும் முடியாவிட்டால் எந்த எண். உங்கள் நாட்டின் மனநல உதவி எண்ணைத் தேடி இப்போதே போனில் சேமித்து வையுங்கள், அந்த நேரத்தில் தேட முடியாது. எப்படிச் செய்வது என்று திட்டமே வைத்திருந்தாலோ, கையை வெட்டிக்கொண்டிருந்தாலோ, பிடித்த பொருள்களை மற்றவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தாலோ தனியாக விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும், அப்பாயின்ட்மென்ட் எல்லாம் பார்க்க வேண்டியதில்லை.

அந்தத் திட்டத்தில் 'யாரை அழைப்பது' என்ற இடத்தில் அவள் முதலில் எழுதிய பெயர் என்னுடையது இல்லை. என் தங்கை, அவளுடைய சித்தி. ஒரு விநாடி சுருக்கென்று இருந்தது, மறுவிநாடி நிம்மதி. ஹவாயின் கவாய் தீவில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர், ரூத் ஸ்மித் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நாற்பது வயதுவரை தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் மனநோய் என்று எல்லாம் எதிராக இருந்த பிள்ளைகளிலும் மூன்றில் ஒரு பங்கு நல்லபடியாக வளர்ந்தார்கள். அவர்களிடம் பொதுவாக இருந்தவற்றில் ஒன்று, நிலையாக அக்கறை காட்டிய ஒரு பெரியவராவது வாழ்க்கையில் இருந்தது. அது பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, பாட்டியோ ஆசிரியரோ பக்கத்து வீட்டுக்காரரோகூட. அதனால் சித்தியோடு பேச நாங்கள் வழிவிட்டோம், "என்ன சொன்னா?" என்று தங்கையைத் துளைக்காமல் இருந்தோம். ஆபத்தான எதுவும் என்றால் சொல்ல வேண்டும் என்பது மட்டும் தங்கையோடு ஒப்பந்தம்.

எங்கள் பக்கமும் ஒன்று உண்டு. பெற்றோர் பதற்றத்தை மறைக்க முடியாது, மறைக்கவும் வேண்டாம், ஆனால் அதைப் பிள்ளை மடியில் இறக்கி வைக்கக்கூடாது. "இன்னைக்கு அப்பா கவலையா இருக்காரு, நடந்துட்டு வரப் போறாரு" என்பது சரி. "உன்னாலதான் எனக்கு பிரஷர்" என்பது கொடுமை. நான் ராத்திரி பதினொரு மணிக்கு மேல் பணத்தைப் பற்றியும் மாமனாரைப் பற்றியும் பேசுவதில்லை என்று அவரிடம் சொல்லிவிட்டேன். அந்த நேரத்தில் எந்தக் கணக்கும் நேராக வராது.

அப்புறம் என்ன ஆனது? வேலை போனது. சொன்னபடி அன்றிரவே அவர் சொன்னார், தாளில் அவளே அதை எழுதி ஒட்டினாள். சில மாதங்கள் கழித்து வேறு ஊரில் குறைந்த சம்பளத்துக்கு வேலை, ஊர் மாறினோம், தேர்வு முடிந்த பிறகு. மதிப்பெண் சுமார். புதுப் பள்ளியில் முதல் பருவம் சிரமப்பட்டாள், இப்போதும் தேர்வுக்கு முன்னால் வயிறு வலிக்கும், அதோடு போய் எழுதிவிட்டு வருவாள்.

கடைசியாக ஒன்று, இரண்டு பிள்ளைகள் உள்ளவர்களுக்கு. வீடு முழுக்க ஒரு பிள்ளையைச் சுற்றி ஓடும்போது இன்னொன்று தானாகவே "நல்ல பிள்ளை" ஆகிவிடும். எதையும் கேட்காது, தொந்தரவு செய்யாது, நமக்கும் அப்பாடா என்றிருக்கும். அந்த அமைதியையும் கவனிக்க வேண்டும். சின்னவன் நகம் கடிப்பதை முதலில் பார்த்துச் சொன்னது அவனுடைய அக்காதான். அவனிடம் கேட்டபோது, "நானும் ஏதாச்சும் சொன்னா உங்களுக்கு ஜாஸ்தி ஆயிடும்ல" என்றான். அதிலிருந்து வாரத்தில் ஒரு சாயங்காலம் அவனுக்கு மட்டும் என்று வைத்திருக்கிறோம். அக்காவைப் பற்றி அந்த நேரத்தில் பேச்சே கிடையாது. என்ன செய்வது என்று அவன்தான் முடிவு செய்வான், இப்போதைக்கு வீடியோ கேம்தான். அவன் அப்பாவுக்கு அது சுத்தமாக வரவில்லை, இவன் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறான்.